தம்பிமுத்து தொடங்கிய பத்திரிகை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு எதிரே விரியும் சாலைக் கம்போளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், கல்லாவில் இருந்தபடியே அந்தத் தெருவின் சுமைதூக்கிகளையும் சில்லறை வியாபாரிகளையும் தமிழ்க் கதைகளுக்குள் கொண்டுவந்தார். கோட்டைக்கு உள்ளே, பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நடக்கிறது. இதே நகரத்தில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துவந்த டி.கே. துரைசாமி, நகுலன் என்ற பெயரில் தமிழிலும், தன் சொந்தப் பெயரில் ஆங்கிலத்திலும் எழுதினார். சுற்றிலும் மலையாளம் ஒலிக்கும் ஊரில் இத்தனை தமிழ் எழுத்து. 1968இல் நகுலன் ‘குருக்ஷேத்திரம்’ என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். இங்கே எழுதுகிறவர்களும் தமிழ்நாட்டில் எழுதுகிறவர்களும் அதில் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தொகுப்பு வந்த பிறகுதான், திருவனந்தபுரத்தில் எழுதுகிறவர்கள் தனித்தனி ஆட்களாக இல்லாமல் ஒரு கூட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஒரு இலக்கியம் எப்போது பிறக்கிறது? முதல் நல்ல கவிதையை ஒருவர் எழுதும்போதா, அல்லது சிதறிக் கிடக்கும் கவிதைகளை ஒருவர் தேடிப் பொறுக்கி, கடன் வாங்கி, அச்சுக்கூடத்துக்கு நடையாய் நடந்து, வெளியே கொண்டுவரும்போதா? நான் இரண்டாவது பக்கம். நகுலன் இங்கே செய்த வேலையை, 29 ஆண்டுகளுக்கு முன்னால், லண்டனில், ஆங்கிலத்தில், தம்பிமுத்து என்ற ஒரு யாழ்ப்பாணத் தமிழர் செய்தார். அவர் தொடங்கியதன் பெயர் ‘போயட்ரி லண்டன்’.

ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளில் பிறந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்தை இப்போது பல்கலைக்கழகங்களில் தனித் தாளாகவே வைத்திருக்கிறார்கள். டிரினிடாட்டின் நைப்பால், செயின்ட் லூசியாவின் வால்காட், இலங்கையின் மைக்கேல் ஒண்டாச்சி, ஷெஹான் கருணாதிலக என்று பட்டியல் போகும். அந்த வரிசையில் தம்பிமுத்துவின் பெயரை அநேகமாகக் காண முடியாது. பெரிய நாவல் எதையும் அவர் எழுதவில்லை. அவருடைய கவிதைகளும் முதல் தரமானவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பத்திரிகை நடத்தினார். மற்றவர்களுடைய புத்தகங்களைப் போட்டார். அதற்காகவே அவர் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் வந்த வழி, திருவிதாங்கூருக்கு வந்த வழியிலிருந்து அதிகம் மாறுபட்டதில்லை. இங்கே 1834இல், சுவாதித் திருநாள் காலத்தில், நாகர்கோவிலிலிருந்து ராபர்ட்ஸ் என்ற ஆசிரியரை வரவழைத்து ஆங்கிலப் பள்ளி திறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே, 1816இல், அமெரிக்க மிஷனரிகள் வந்து இறங்கிவிட்டார்கள். 1820இல் அவர்களுக்காக அச்சு வேலை தெரிந்த ஓர் அமெரிக்கர் வந்தபோது, அவரைத் தங்கவிட பிரிட்டிஷ் ஆளுநர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். மிஷன் விடவில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. பின்னர் மானிப்பாயில் அச்சுக்கூடமும் வந்தது. கிணற்று நீரை நம்பிய வறண்ட பூமியில், படித்தால் அரசாங்க உத்தியோகம் என்ற ஆசை ஆங்கிலத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

அந்த ஆங்கிலம் உத்தியோகத்தோடு நின்றுவிடவில்லை. 1859இல் சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து ‘தமிழ் புளூட்டார்க்’ என்று யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். 1863இல் முத்துக்குமாரசுவாமி அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி லண்டனில் வெளியிட்டார். கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி இவருடைய மகன். இரண்டு புத்தகங்களும் தமிழில் இருப்பதை வெள்ளைக்காரனுக்கு எடுத்துக்காட்டும் நோக்கத்தில் எழுந்தவை. ஆங்கிலக் கவிதை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று லண்டனிலேயே போய் நின்று சொல்ல, இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து 1915 ஆகஸ்ட் 15 அன்று, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். வேர் அச்சுவேலியில். தாத்தா தமிழ்ப் புலவர், அச்சுக்கூடம் நடத்தியவர். பேரன் இளம் வயதில் எழுதிய ஆங்கிலக் கவிதைகள் இலங்கையிலேயே சிறு நூல்களாக வந்தன. எழுத்துக் கோக்கிற மேசையும் மை வாசனையும் குடும்பத்திலேயே இருந்தால், புத்தகம் என்பது யாரோ எங்கோ செய்கிற மாயம் என்ற பயம் பையனுக்கு இருக்காது. லண்டனில் அவர் காட்டிய துணிச்சலுக்கு இதைத்தான் முதல் காரணமாகப் பார்க்கிறேன்.

1938 தொடக்கத்தில் அவர் லண்டனில் இறங்கியபோது வயது 22. கையில் காசு கிடையாது. டாட்டன்ஹாம் கோர்ட் சாலைக்கு மேற்கே, ஃபிட்ஸ்ரோவியா என்று பின்னால் பெயர் பெற்ற பகுதியில் மலிவான அறைகள் இருந்தன. ஓவியர்களும் கவிஞர்களும் மாலையில் கூடும் மதுக்கடைகள் இருந்தன. தம்பிமுத்து அங்கே ஒட்டிக்கொண்டார். லண்டன்காரர்களுக்கு அவர் சீக்கிரமே ‘தம்பி’ ஆனார். பெரிய கவிஞர், சின்னக் கவிஞர் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான் வாயில் வந்தது.

ஆண்டனி டிக்கின்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 1939 பிப்ரவரியில் ‘போயட்ரி லண்டன்’ முதல் இதழைக் கொண்டுவந்தார். அட்டையில் லைர்ப்பறவை, யாழ் போல் வளைந்து விரிந்த வாலோடு. அந்தப் பறவை கடைசிவரை அவருடைய பதிப்பகத்தின் சின்னமாகவும் நிலைத்தது. உள்ளே டிலன் தாமஸ், லூயி மக்னீஸ், ஜார்ஜ் பார்க்கர் போன்றவர்கள். தலையங்கம் என்று ஒன்று எழுதாமல் வாசகருக்குக் கடிதம் எழுதினார் தம்பிமுத்து. முதல் இதழில் முதல் கடிதம், அடுத்ததில் இரண்டாம் கடிதம் என்று எண்ணிட்டே போனார். கவிதை எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிறது, அது எந்தக் கட்சிக்கும் எந்தக் கோஷ்டிக்கும் சொந்தமில்லை என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1930களின் ஆங்கிலக் கவிதை கோஷ்டிகளாகப் பிரிந்து கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இடதுசாரிகள் ஒரு பக்கம். அவர்களுக்கு எதிராக வந்த கனவு மொழிக் கவிஞர்கள் இன்னொரு பக்கம். உள்ளூர் ஆசிரியர் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு கல்லூரியை, ஏதோ ஒரு வர்க்கத்தைச் சேர்ந்தவராகவே இருந்திருப்பார். தம்பிமுத்துவுக்கு அந்தப் பழைய கணக்கு எதுவும் இல்லை. யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பொருட்படுத்தவில்லை. ஒரே இதழில் எதிரெதிர் ஆட்களை அடுத்தடுத்துப் போட்டார். தரம் பார்க்காமல் எல்லாவற்றையும் போடுகிறார் என்று விமர்சகர்கள் திட்டினார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு; அந்த இதழ்களில் மறந்துபோகத் தக்க கவிதைகள் நிறையவே இருக்கும். ஆனாலும் டி.எஸ். எலியட் போன்ற ஒருவர், புதிய கவிஞர்களைக் கண்டுகொள்ள அந்தப் பத்திரிகையையே நம்பிப் பார்க்கலாம் என்றார்.

முதல் இதழ் வந்த ஏழாவது மாதம் போர் தொடங்கியது. 1940இல் பிரிட்டனில் காகிதத்துக்குப் பங்கீடு வந்தது. புதிதாகப் பத்திரிகை தொடங்கவே தடை. முன்கூட்டியே பிறந்துவிட்டதால் ‘போயட்ரி லண்டன்’ தப்பியது. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அறிவித்த பத்திரிகை, காகிதமும் பணமும் கிடைத்தபோதுதான் வந்தது. பத்தாண்டுகளில் சுமார் 15 இதழ்கள். 1944இல் வந்த பத்தாம் இதழ் கனத்த புத்தகமாகவே வந்தது. நிக்கல்சன் அண்ட் வாட்சன் என்ற பதிப்பகம் கைகொடுக்க, ‘எடிஷன்ஸ் போயட்ரி லண்டன்’ என்ற பெயரில் புத்தகங்களும் போட ஆரம்பித்தார்.

அந்தப் புத்தக வரிசையைப் பார்த்தால் இன்றும் மலைப்பு வருகிறது. 1943இல் கேத்லீன் ரெயினின் முதல் கவிதைத் தொகுதி, சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் ஓவியங்களோடு. அதே ஆண்டு டேவிட் காஸ்கோயினின் கவிதைகள், கிரஹாம் சதர்லண்டின் ஓவியங்களோடு. குண்டு வீச்சுக்கு அஞ்சி ரயில் சுரங்கங்களில் படுத்துறங்கிய லண்டன் மக்களை ஹென்றி மூர் வரைந்த குறிப்பேடு. எலிசபெத் ஸ்மார்ட்டின் ‘பை கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று தொடங்கும் நீளமான தலைப்புடைய நாவல். நபகோவ் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலின் பிரிட்டிஷ் பதிப்பு. இவை எல்லாம் அச்சுவேலிப் பேரன் ஒருவரின் கையொப்பத்தில் வெளிவந்தவை. கைப்பிரதிகளைக் கட்டிலுக்கடியில் மூத்திரச் சட்டியில் போட்டு வைத்திருந்தார் என்று நண்பர்கள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேடிக்கைக் கதைகளே அவருடைய பெயரோடு அதிகம் ஒட்டிக்கொண்டுவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. சட்டியில் கிடந்த பிரதிகள் புத்தகங்களாக வெளியே வந்தன என்பதுதானே முக்கியம்.

கீத் டக்ளஸின் கதை ஒன்று போதும். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிப் படையில் இருந்துகொண்டு எழுதிய இளைஞர் அவர். போர்முனையிலிருந்து வந்த அவருடைய கவிதைகளைத் தம்பிமுத்து ஏற்றுக்கொண்டார். 1944இல் புத்தகம் போட ஒப்பந்தமும் ஆனது. அந்த ஜூன் 9 அன்று நார்மண்டியில் டக்ளஸ் கொல்லப்பட்டார். வயது 24. பாலைவனப் போரைப் பற்றி அவர் எழுதிய உரைநடை 1946இல் தம்பிமுத்துவின் பதிப்பகத்தில் வந்தது. கவிதைகளின் முழுத்தொகுப்பு அதே சின்னத்தோடு 1951இல். இரண்டாம் உலகப் போர் தந்த ஆங்கிலக் கவிஞர்களில் தலையாயவர் என்று இன்று பலர் டக்ளஸைச் சொல்கிறார்கள்.

ஒரு புகைப்படம் இருக்கிறது. 1942 டிசம்பரில் பிபிசியின் கீழை நாட்டுச் சேவையில் எடுத்தது. ஜார்ஜ் ஆர்வெல் அப்போது அங்கே இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்துவந்தார். ‘வாய்ஸ்’ என்ற வானொலி இலக்கிய இதழ் ஒன்றையும் நடத்தினார். அதன் ஒலிப்பதிவுக்கு வந்தவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எலியட். அவருக்கு ஒரு பக்கம் தம்பிமுத்து. மறுபக்கம் ஜமைக்காவின் கவிஞர் ஊனா மார்சன். அடுத்து முல்க் ராஜ் ஆனந்த். கோடியில் திருச்சூர்க்காரர் நாராயண மேனோன். வீணை வாசிப்பவர், அந்த ஆண்டுதான் யேட்ஸைப் பற்றி ஒரு ஆங்கில நூல் வெளியிட்டிருந்தார். பின்னாளில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் இவர். ஆர்வெல் பின்னால் நிற்கிறார், வில்லியம் எம்ப்சனோடு.

அந்த மேசையில் எலியட்டுக்கு இரு பக்கமும் இரண்டு தீவுகள் இருக்கின்றன. ஊனா மார்சன், போரில் பணிபுரிய வந்த மேற்கிந்தியத் தீவு இளைஞர்களின் செய்திகளை ஊருக்குச் சொல்லும் வானொலி நிகழ்ச்சி நடத்திவந்தார். படம் எடுத்த சில மாதங்களில், 1943 மார்ச்சில், அதிலிருந்தே ‘கரீபியன் வாய்ஸஸ்’ பிறந்தது. தீவுகளிலிருந்து கதையும் கவிதையும் தபாலில் லண்டனுக்கு வரும். அங்கிருந்து அலைவரிசையில் தீவுகளுக்கே திரும்பிப் போகும். 1946 முதல் ஹென்றி ஸ்வான்சி பொறுப்பில், பிறகு கொஞ்ச காலம் இளம் நைப்பாலின் பொறுப்பில், 1958 வரை அது ஓடியது. சாம் செல்வன், ஜார்ஜ் லாமிங், வால்காட் எல்லோரும் அதில் ஒலித்தவர்கள். செல்வனின் தந்தை சென்னையிலிருந்து டிரினிடாட் போனவர். வால்காட்டோ 1948இல் தன் முதல் கவிதை நூலை அச்சிட அம்மாவிடம் கடன் வாங்கினார். எங்கே பார்த்தாலும் கதை ஒன்றுதான்: தீவில் எழுத ஆள் இருந்தது. பிரதியை வாங்கிப் படித்து, திருத்தி, வெளியிட ஒருவர் வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து அழகு சுப்பிரமணியமும் லண்டனில் இருந்தார். முல்க் ராஜ் ஆனந்த் வட்டத்தோடு இருந்து, ‘இந்தியன் ரைட்டிங்’ என்ற இதழின் ஆசிரியர் குழுவில் 1940 முதல் 1942 வரை வேலை செய்தார். யாழ்ப்பாண வாழ்வை வைத்து ஆங்கிலச் சிறுகதைகள் எழுதியவர் அவர். தம்பிமுத்துவைவிட அவருடைய எழுத்தில்தான் ஊர் இருக்கிறது என்பேன். தம்பிமுத்துவின் பத்திரிகையில் இலங்கை குறைவு. அது லண்டனின் பத்திரிகை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடியேற்ற நாட்டிலிருந்து வந்தவன் தன் நாட்டைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்ற எதிர்பார்ப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேரே போய் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்காலி நிலைக்கவில்லை. 1948இல் எலியட்டின் அறுபதாம் பிறந்தநாளுக்கு ரிச்சர்ட் மார்ச்சோடு சேர்ந்து மலர் தொகுத்தார். வங்கக் கவிஞர் விஷ்ணு டேயையும் அதில் எழுத வைத்தார். அடுத்த ஆண்டே பத்திரிகை அவர் கையை விட்டுப் போயிற்று. இலங்கைக்குத் திரும்பினார். பிறகு நியூயார்க் போய், ‘போயட்ரி லண்டன்-நியூயார்க்’ என்று சில இதழ்கள் கொண்டுவந்தார். அறுபதுகளின் கடைசியில் மறுபடி லண்டன். பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தின் துணையோடு மீண்டும் ஒரு பத்திரிகை. பழைய வீச்சு திரும்பவில்லை. 1983 ஜூனில் காலமானார்.

அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அந்த ஜூலையில் நடந்தது இலங்கைத் தமிழரின் வாழ்வை மட்டுமல்லாமல் அவர்களுடைய ஆங்கிலத்தையும் மாற்றியது. கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடா போன ஷியாம் செல்வதுரை 1994இல் ‘ஃபன்னி பாய்’ எழுதினார். அந்த நாவல் ஜூலைக் கலவரத்தில் முடிகிறது. அ. சிவானந்தன் அதற்கும் முன்னதாக, 1958 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனவர். போன இடத்தில் நாட்டிங் ஹில் இனக்கலவரத்தைப் பார்த்தவர். நூலகராக வேலை செய்துகொண்டே, மூன்று தலைமுறைக் கதையான ‘வென் மெமரி டைஸ்’ நாவலை மனதில் சுமந்து, எழுபது வயதைத் தாண்டி 1997இல் வெளியிட்டார். தம்பிமுத்து காலத்து ஆங்கிலத்தில் இந்தச் சுமை கிடையாது. ‘எல்லோருக்குள்ளும் கவிதை’ என்று அத்தனை எளிதாகச் சொல்ல இவர்களால் முடிந்திருக்காது.

ஆசிரியர் வேலை மட்டும் நின்றுவிடவில்லை. 1992இல் ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ நாவலுக்கு புக்கர் பரிசு பெற்ற ஒண்டாச்சி, அந்தப் பணத்தை வைத்து, இலங்கையில் வாழ்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காகத் தன் தாயின் குடும்பப் பெயரில் கிரேஷியன் பரிசை ஏற்படுத்தினார். அந்தப் பரிசின் சிறப்பு, அச்சேறாத கைப்பிரதியையும் அது ஏற்றுக்கொள்வது. ஷெஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’ 2008இல் கைப்பிரதியாகவே அந்தப் பரிசைப் பெற்றது. பிறகுதான் அதை அவர் தன் செலவில் அச்சிட்டார். 2022இல் அவருக்கு புக்கர் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் பட்டியல் வரை வந்த அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நார்த்’ நாவலில், கொழும்பிலிருந்து வடக்கே போகும் இளைஞன் பூசலார் நாயனாரை நினைத்துக்கொள்கிறான். பெரியபுராணத்தில் மனதுக்குள்ளேயே கல் கல்லாய்க் கோயில் கட்டினாரே, அவரை.

தம்பிமுத்துவைப் பற்றி அவர் நண்பர்கள் எழுதியவற்றை 1989இல் ஜேன் வில்லியம்ஸ் ஒரு நூலாகத் தொகுத்திருக்கிறார். தமிழில் அவரைப் பற்றிய பேச்சு இன்னும் மிகக் குறைவு. அவருடைய கவிதைகளை மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அந்தக் கடிதங்களை மொழிபெயர்க்க வேண்டும். முதல் கடிதம், இரண்டாம் கடிதம் என்று வரிசையாக, ஒவ்வொன்றோடும் அந்த இதழில் யார் யார் எழுதினார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து. கூடவே அழகு சுப்பிரமணியத்தின் கதைகள் நாலைந்து, டக்ளஸின் பாலைவனக் கவிதைகள் நாலைந்து. நூற்றைம்பது பக்கத்துக்குள் அடங்கிவிடும் புத்தகம் அது.